ஆறாவது தடவையும் அதே தூள்

மருந்து வேதியியல்ல ஆராய்ச்சி செய்யுத எங்களுக்குப் பாதி நேரம் சமையல், மீதி நேரம் பாத்திரம் கழுவுதது; பட்டவங்களுக்குத் தெரியும்.

காந்தம் வாங்கப் போனது

மருந்துக்கான மூலப்பொருள் செய்யும்போது, வினை சீக்கிரம் முடிய ஒரு கறுப்பு இரும்புத் தூள் போடுவேன். முடிஞ்சதும் குடுவைக்கு வெளியே காந்தத்தைப் பிடிச்சா தூள் ஒரு பக்கமா ஒதுங்கிரும். கரைசலை வடிச்சுட்டு, தூளைக் கழுவி மறுபடி போடலாம். கழிவும் குறைச்சல்.

அதுக்கு நல்ல காந்தம் வேணுமேன்னு கோவில்பட்டியில ரேடியோ ரிப்பேர் கடைக்குப் போயி உள்ளே காந்தம் இருக்குமேன்னு பழைய ஸ்பீக்கர் கேட்டேன். காரணத்தைச் சொன்னதும் கடைக்கார அண்ணாச்சி அதைப் பிரிச்சுக்கிட்டே சொன்னார்: "மருந்து வேலை செய்யலேன்னு இங்கன வந்து நிக்காதிய, பாட்டுக்குத்தான் நான் கேரண்டி."

வெள்ளை வெளேர்னு ஒரு துண்டு

அதே தூள் ஆறு தடவை வேலை செஞ்சாத்தான் ஆய்வுக் கட்டுரையை இதழுக்கு அனுப்புவேன்னுட்டார் என் வழிகாட்டி. அஞ்சு தடவை முடிஞ்சுது. அன்னைக்குச் சாப்பிடப் போற அவசரத்துல, குடுவைக்குள்ள சுத்திக் கரைசலைக் கலக்குத, வெள்ளைப் பூச்சுப் போட்ட குட்டிக் காந்தத் துண்டை எடுத்து மேடையில வச்சுட்டுப் போயிட்டேன். தூள் பூரா அதுலதான் அப்பியிருக்குங்கதே மறந்துபோச்சு. கூறுகெட்டவ!

திரும்பி வந்தா துண்டு வெள்ளை வெளேர்னு இருக்கு. அய்யோ, மறுபடி முதல்ல இருந்தா? "யாரு இதைக் கழுவுனது?"ன்னு கத்திட்டேன். ஆய்வகத்தைக் கூட்டிப் பெருக்குத செல்வமணி அக்கா துடைப்பத்தைப் போட்டுட்டு ஓடி வந்தாவ. ஒப்பந்த வேலை, ஒரு புகார் போனா அவ்வளவுதான். மெதுவாச் சொன்னாவ: "கறுப்பா அப்பியிருந்துச்சு பாப்பா, நீங்க கழுவ மறந்துட்டியன்னு நல்லாத் தேய்ச்சு விட்டேன்."

வாளித் தண்ணி

எங்க கரிசக்காட்டுல தண்ணியைச் சட்டுன்னு யாரும் கீழே கொட்டமாட்டாவ. ஆய்வகக் குழாயிலயும் காலையில கொஞ்ச நேரம்தான் வரும். துண்டைக் கழுவுன தண்ணியை அக்கா, அடுத்த பாத்திரம் அலச ஆகும்னு வாளியில பிடிச்சு வச்சிருந்தாவ!

ஸ்பீக்கர் காந்தத்தை வாளிக்கு வெளியே அழுத்துனேன். கலங்கல்ல இருந்து கறுப்பு கொஞ்சம் கொஞ்சமா ஊர்ந்து வந்து ஒட்டுச்சு. எனக்குக் கண்ணு நிறைஞ்சுட்டு. அக்காவே காந்தத்தை வாங்கி, கை அசையாமப் பிடிச்சுக்கிட்டாவ. கழுவிக் காயவச்சு எடை போட்டா துளிதான் குறைச்சல். ஆறாவது தடவையும் வேலை செஞ்சுது. வாளிக் கதையையும் மறைக்காம நோட்டுல எழுதிட்டேன்.

கத்துனதுக்கு மன்னிப்புக் கேட்டேன். அக்கா வாளியைக் கவுத்துக்கிட்டே சொன்னாவ: "ஆறு தடவை உழைச்சதுக்கு அந்தத் தூளைப் பத்திக் கட்டுரை எழுதுதிய. நான் பன்னெண்டு வருசமா இங்கன கழுவுதேன், என்னைப் பத்தி ஒரு வரி எழுத ஆளில்லையே பாப்பா."

இப்போ என் ஆய்வேட்டு நன்றிப் பக்கத்துல முதல் வரி செல்வமணி அக்கா, வழிகாட்டி ரெண்டாவதாத்தான் நிக்காரு, கோவப்பட்டா படட்டும்.