தொட்டுப் பார்க்காமல் சொன்ன பதில்

செய்தி கம்பெனி வாட்ஸப் குழுவில், கேன்டீன் மெனுவுக்குக் கீழே வந்தது. தனசேகர் காலமானார், மாரடைப்பு. பலரும் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். நானும் போட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மணிமங்கலத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். நான் சாத்தூரிலிருந்து வந்து ஒரகடத்தில் அறை எடுத்துத் தங்கியவன். ஆறு வருடங்களுக்கு முன், செல்போன் கோபுரங்களில் அலையைப் பெருக்கி அனுப்பும் பவர் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை இருவரும் சேர்ந்து உருவாக்கிக்கொண்டிருந்தோம். அது சூடாவதைக் குறைக்க, அவர் செம்புத் துணுக்கை பிளேடால் நறுக்கி, போர்டில் மயிரிழை நகர்த்தி ஒட்டுவார். "இன்னும் கொதிக்குதுப்பா. பாதி கரண்டு சூட்டுலயே பூடுது" என்று சலித்துக்கொண்டே மறுபடி நறுக்குவார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. அவர் அதைச் சொல்லிக் காட்டியதுமில்லை.

ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் சக்தியை வாங்கிக்கொள்ள 'லோடு' மாட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது திரும்பி வந்து டிரான்சிஸ்டரையே எரித்துவிடும். அதனால் சுவிட்ச் போடும் முன் "லோடு கீதா?" என்று கேட்பார். நான் இணைப்பைத் தொட்டுப் பார்த்து "இருக்கு" என்று சொல்ல வேண்டும். அது எங்கள் வழக்கம்.

வாடிக்கையாளர் பார்வையிட வரவிருந்த காலையில், நான் தொடாமலே "இருக்கு" என்றேன். மீட்டரைச் சரிபார்க்க லோடைக் கழற்றி வைத்தவனே நான்தான். அவர் நம்பி சுவிட்சைப் போட்டார். எங்களிடம் மிச்சமிருந்த ஒரே டிரான்சிஸ்டர் கருகியது.

"நான்தான் சார் பாக்காம போட்டுட்டேன்" என்றார் மேனேஜரிடம். பிறகு என்னிடம், "நீ கான்ட்ராக்ட்டு. உன்ன அனுப்சிடுவாங்க. என்னை இன்னா பண்ணிடுவாங்க?" என்றார்.

அவரை பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பின்னர் அந்த ஆம்ப்ளிஃபயர் தேறியது. பாராட்டும் நிரந்தர வேலையும் எனக்குக் கிடைத்தன. வெட்கங்கெட்டவனுக்கு அவர் முகத்தைப் பார்க்க மட்டும் வெட்கமாக இருந்தது. அவர் ஏறும் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் போனேன். ஆறு வருடம் அப்படியே ஓடியது. ஆய்வகத்தில் நானே கேட்டு நானே தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

செய்தி வந்த மூன்றாம் நாள் மணிமங்கலம் போய், அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் தம்பி. அன்னிக்கே சொல்லிட்டாரு. 'அவன் ஒரு நாளு வூட்டுக்கு வருவான், நானா போனா கூசிப்பூடுவான்'னு சொல்லிகினே இருந்தாரு. பேக்கிங்ல பேச ஆளில்லன்னுதான் அவருக்குக் கொறை."

வெளியே பந்தல்காரர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றை வாங்கிப் போட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

வந்துவிட்டேன், அண்ணே. நீங்கள்தான் இல்லை. போய் வாருங்கள்.