கீறல் பார்க்கும் விஜயகுமாரி

வளையல்களைக் கழற்றி ஆணியில் மாட்டியாயிற்று. மெட்டி இரண்டும் ஜன்னல் திட்டில். தோடு, ஊக்கு, தலைக்குக் குத்தும் பின் எல்லாம் அதன் பக்கத்தில். கடைசியாக விஜயகுமாரி கழுத்தில் கை வைத்தார். ஏதோ கேட்க வாயெடுத்த நான் அப்படியே நின்றுவிட்டேன். தாலிக்கொடியைத் தலைவழியாகக் கழற்றி, கைக்குட்டையில் சுருட்டி, காலையில் சாப்பிட்டுவிட்டுக் கழுவி வைத்திருந்த டிபன் டப்பாவுக்குள் போட்டு மூடினார்.

“என்னங்க இது?” என்று கேட்டேவிட்டேன்.

“இது உரசுச்சுன்னா இந்த வண்டியில கதவுக்கு மட்டும் ஒன்னேகால் லட்சம் ஆகுமுங்க சார். எங்கூட்டுக்காரரு அவ்வளவு பெற மாட்டாருங்க.”

சிரிக்காமல் சொன்னார். நானும் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் விழித்தேன்.

விஜயகுமாரி வேலை பார்ப்பது திருப்பூரில் வேலம்பாளையம் போகிற வழியில், ஒரு காலத்தில் நிட்டிங் மெஷின்கள் ஓடிய ஷெட்டில். இப்போது அங்கே ஸ்போர்ட்ஸ் கார்களின் பெயிண்டைச் சீர்செய்து, மேலே கண்ணாடி மாதிரி ஒரு கோட்டிங் போட்டுத் தருகிறார்கள். அவரைப் பற்றி எழுதுவதற்காக நான் போன அன்றைக்கே நான்கு கார்கள் நின்றன. ஒவ்வொன்றும் என் இடுப்பைவிடக் கொஞ்சம்தான் உயரம். சாயப்பட்டறை லாரியும் சாக்கடைக் குழியும் நிறைந்த இந்த ஊர்ச் சாலையில் இவற்றை யார், எங்கே, எப்படி ஓட்டுகிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

உள்ளே நுழைந்ததுமே கையை நீட்டி நிற்கச் சொன்னார். பசை தடவிய ஒரு உருளையை என் சட்டை மேல் மேலும் கீழுமாக உருட்டினார். உருட்டி முடித்துக் காட்டியபோது வெட்கமாகப் போய்விட்டது. உருளை முழுக்கப் பஞ்சு. இத்தனைக்கும் குளித்து, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தவன் நான்.

“திருப்பூர்ல காத்துலயே பனியன் இருக்குதுங்க சார். கோட்டிங் காயறதுக்குள்ள ஒரு இழை வந்து உக்காந்துட்டா அவ்வளவுதான், அத்தனையும் உரிச்சுட்டு மொதல்ல இருந்து பண்ணோணுங்க.”

“புது வண்டிக்கு எதற்கு இந்தப் பாடு?” என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல் ட்யூப் லைட்டை அணைத்தார். ஒரு கறுப்புக் காரின் பானெட் மேல் கை டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு நிமிடம் முன்னால் முகம் பார்த்துத் தலை சீவலாம் போல இருந்த பரப்பு முழுக்க ஆயிரக்கணக்கான கீறல்கள், வட்டம் வட்டமாக.

“பூரா தொடைச்ச தொடையில வந்ததுங்க. ஊட்டுல ஆசையா தொடைக்கறாங்க பாருங்க, அந்த ஆசை.” பெயிண்டுக்கு மேலே இருக்கும் பளபளப்பான அடுக்கு ஒரு தலைமுடியின் கனம்கூட இல்லையாம். கீறலை எடுக்க வேண்டுமானால் அந்த அடுக்கையே கொஞ்சம் தேய்த்துக் கழிக்க வேண்டும். நான்கைந்து முறைக்கு மேல் அது தாங்காது. “தேச்சது தேச்சதுதானுங்க. திரும்ப வைக்க முடியாது. அதனால எங்க தேக்கோணும்கறத விட, எங்க தேக்கக் கூடாதுன்னுதான் பாக்கோணும்.”

இந்தக் கண் எங்கிருந்து வந்தது என்றால், பனியன் கம்பெனியிலிருந்து. பதினான்கு வருடம் செக்கிங் பிரிவில் நின்றவர். துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை, ஊசி போட்ட கோடு எதைக் கண்டாலும் அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட ஒரு சின்ன சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளுவதுதான் வேலை. நின்று நின்று காலில் நரம்பு சுருண்டுகொண்டதால் வேலையை விட்டு, மூன்று வருடத்துக்கு முன் இந்த ஷெட்டைக் கூட்டித் துடைக்க வந்தார். வந்த நான்காம் நாள், துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே, “அண்ணா, இந்த இடத்துல ஒரு கோடு உட்டுட்டீங்க” என்றார். ஷெட்டை நடத்தும் பூபாலன் பெங்களூரு போய் இதே தொழிலைப் படித்துவிட்டு வந்தவர். விளக்கு வைத்துத் தேடியும் அவர் கண்ணுக்கு அது தெரியவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்ததாம். அன்றைக்கே துடைப்பத்தை வாங்கிக்கொண்டு டார்ச்சைக் கொடுத்துவிட்டார்.

ஸ்டிக்கர் பழக்கம் மட்டும் போகவில்லை. கோடி ரூபாய் வண்டி, அவர் பார்த்து முடித்ததும் அம்மை போட்ட பிள்ளை மாதிரி உடம்பெல்லாம் சிவப்பாக நிற்கிறது. முதல்முறை பார்க்கிற சொந்தக்காரர்கள் அலறிவிடுவார்களாம். இவ்வளவு வண்டிகளைத் தொட்டவர், ஒன்றில்கூட உட்கார்ந்ததில்லை. “கெணத்துக்குள்ள எறங்கற மாதிரி இருக்குதுங்க. எறங்கிட்டா ஏற வராது.”

நான் அங்கே இருந்தபோதுதான் கிட்டுசாமி வந்தார். பிறந்த குழந்தைகளுக்கான பனியன் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். சேவூர்ப் பக்கம் தோட்டம், இங்கே கம்பெனி. வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கருநீல ஸ்போர்ட்ஸ் காருக்குள்ளிருந்து முதலில் கால், பிறகு கை, பிறகு தலை என்று தவணை முறையில் வெளியே வந்தார். அவருக்குப் பின்னாலேயே ஒரு பைக்கில் அவருடைய டிரைவர் முருகேஷ். டிரைவர் பைக்கில், முதலாளி ஸ்டியரிங்கில். என்னவோ சரியில்லை என்று அப்போதே பட்டது.

“அம்மிணி, மூணு வாரமா வண்டி பூராக் கோடு. இவன் எதை வெச்சுத் தொடைச்சான்னு பாத்து எழுதிக் குடு. இன்னைக்கே கணக்கு முடிச்சு அனுப்பிச்சர்றேன்.”

முருகேஷ் பதினோரு வருடமாக அவரிடம் வேலை பார்ப்பவர். குடியிருப்பதும் கம்பெனி வீட்டில். வேலை போனால் வீடும் போகும், இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் மாறும். “நான் தொடவே இல்லீங்க. பெட்ரோல் போட ஒருக்கா எடுத்துட்டுப் போனதோட சரிங்க” என்றார். இதை எத்தனையாவது தடவையாகச் சொல்கிறாரோ, குரலில் பசையே இல்லை.

விஜயகுமாரி இரண்டு பேரையும் பார்க்கவில்லை. விளக்கை அணைத்து டார்ச்சை எடுத்தார். பானெட்டில் மட்டும் பத்து நிமிடம். சின்னச் சின்ன வட்டங்களை விட்டுவிட்டு, ஒவ்வொரு வட்டத்திலும் ஓரமாக ஓடிய ஒரே ஒரு ஆழமான கோட்டுக்கு மட்டும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே போனார். பிறகு நிமிர்ந்தார்.

“ஏனுங்க, வண்டி தொடைக்கறது ஆருங்க?”

“வெள்ளிக்கிழமை தவறாம நான்தான். வேற ஒருத்தரையும் உட மாட்டேன். அதுவும் கண்ட துணியில இல்ல, அம்மிணி. எங்க கம்பெனி பீசு. பொறந்த கொழந்தை மேல போடறது. அதுக்கு மேல மெதுவான துணி ஒலகத்துலயே கெடையாது.”

சொல்லும்போது முகம் மலர்ந்துவிட்டது. அந்த வண்டிக்கு என்ஜின் பின்னால், டிக்கி முன்னால். தானே போய் முன்பக்க மூடியைத் திறந்து, பாலிதீன் உறையில் மடித்து வைத்திருந்த குட்டிக் குட்டி வெள்ளைப் பனியன்களை எடுத்துக் காட்டினார். நிறம் கொஞ்சம் மங்கலாக வந்ததால் தள்ளுபடியானவை. உள்ளங்கை அகலம்தான் ஒவ்வொன்றும். ஊரில் யாரைக் கேட்டாலும் தூசி துடைக்கப் பனியன்தான் எடுப்பார்கள், என் ஸ்கூட்டரில்கூட ஒன்று கிடக்கிறது. எனக்கு அதில் தப்பாக எதுவும் தோன்றவில்லை.

“இந்தக் கட்டு எப்பங்க எடுத்தீங்க?”

“மூணு வாரம் இருக்கும்.”

கோடு விழ ஆரம்பித்ததும் அதே மூன்று வாரம்தான் என்பது சொன்ன கிட்டுசாமிக்கே உறைக்கவில்லை. முருகேஷ் மட்டும் தலையைத் தூக்கினார்.

விஜயகுமாரி மேலே இருந்த பனியனை எடுத்துத் தையலில் விரலை ஓட்டினார். ஒன்றும் இல்லை. உதட்டைப் பிதுக்கினார். “வெரலு காய்ச்சுப் போச்சுங்க. செக்கிங்ல நாங்க கன்னத்துலதான் பாப்போம்” என்று சொல்லிக்கொண்டே, தோள்பட்டைத் தையலைக் கன்னத்தில் வைத்து மெதுவாக இழுத்தார்.

கன்னத்தில் ஒரு கோடு விழுந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது சிவந்தது, பிறகு ரத்தம் துளிர்த்தது.

விஜயகுமாரி கத்தவில்லை, கன்னத்தைத் துடைக்கவும் இல்லை. வெளிச்சத்துக்குப் போய்த் தையலைப் பிரித்தார். உள்ளே, எள்ளில் பாதி இருக்கும், மின்னியது. ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் ஒடிந்த ஊசியின் முனை.

பனியன் கம்பெனியில் ஊசி ஒடிந்தால் மெஷினை நிறுத்திவிடுவார்கள். ஒடிந்த துண்டுகளையெல்லாம் தேடி எடுத்து, காகிதத்தில் டேப் போட்டு ஒட்டி, முழு ஊசி சேர்ந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் மறுபடி ஓட்ட வேண்டும். ஒரு முனை கிடைக்காவிட்டாலும் சேர்த்துத் தைத்த அந்த லாட் முழுவதையும் பிரித்தாக வேண்டும். போட்டுக்கொள்ளப் போவது பேசத் தெரியாத குழந்தை. எந்த இடத்தில் குத்துகிறது என்று அதற்குச் சொல்லத் தெரியாது.

விஜயகுமாரி முனையை டேப்பில் எடுத்து ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டினார். “வண்டியைக் கீறுனது இதுங்க. இவரு இல்லீங்க” என்றார். பிறகு, “இதே லாட்டு மத்த பீசெல்லாம் எங்கீங்க இருக்குது?”

“பேக்கிங் ஆயிருச்சு. சாயங்காலம் லோடு.” கிட்டுசாமியின் குரல் இறங்கிவிட்டது. உடனே, “அதெல்லாம் மெட்டல் டிடெக்டர்ல போட்டுத்தான் அனுப்பறோம். இருந்தா மெஷின் புடிச்சிருக்கும். நீ அதைத் தூரப் போட்டுட்டு வண்டியைப் பாரு அம்மிணி.”

“மெஷின் ஓடலீங்களே முதலாளி” என்றார் முருகேஷ். எதிர்த்துப் பேசுகிற குரல் இல்லை, ஞாபகப்படுத்துகிற குரல். “அதோட போர்டை நான்தானுங்க கோயமுத்தூர்ல ரிப்பேருக்குக் குடுத்துட்டு வந்தேன். இருவது நாளாச்சு. இன்னும் வரலீங்க.”

இதைக் கேட்டு நான் ஆடிப்போனேன். ஊசி தேடும் மெஷின் படுத்துக்கிடக்க, பெட்டி பெட்டியாகக் குழந்தைச் சட்டை லாரி ஏறக் காத்திருக்கிறது. அதை வாய்விட்டுச் சொன்னவர் வேலையை விட்டு விரட்டப்படவிருந்த டிரைவர் ஒருவர்தான். கிட்டுசாமி விஜயகுமாரியின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தம் தாடை வரைக்கும் இறங்கியிருந்தது. பிறகு போனை எடுத்தார்.

“தங்கவேலு, லோடு ஏத்தாதே. ஏத்துனதையும் எறக்கு. என்ன ஆனாலும் ஆகட்டும், அத்தனை பெட்டியும் பிரிக்கோணும். நான் வர்றேன்.”

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஆர்டர் போனால் அவருக்கு என்ன ஆகும் என்று இந்த ஊரில் இருக்கிற எவருக்கும் தெரியும். மனதுக்குள் கையெடுத்துக் கும்பிட்டேன். அந்தக் கும்பிடு முடிவதற்குள் அடுத்த அதிர்ச்சி. லாரியை நிறுத்திய மனிதர் முருகேஷ் பக்கம் திரும்பவே இல்லை. ‘தெரியாமச் சொல்லிட்டேன்’ என்று ஒரு வார்த்தை? ‘வண்டியை எடு, போலாம்’ என்றாவது? ஒன்றும் இல்லை. அவர் அங்கே நிற்பதே தெரியாத மாதிரி, ஊசி ஒட்டிய தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“வண்டி இங்கயே இருக்கட்டும் அம்மிணி. நான் ஆட்டோ புடிச்சுப் போய்க்கறேன்” என்று சொல்லி, கார்ச் சாவியை விஜயகுமாரியிடம் நீட்டினார்.

வாங்கிக்கொள்ள பூபாலன் ஓர் அடி முன்னால் வந்தார். விஜயகுமாரி பார்த்த பார்வையில் அங்கேயே நின்றார். சாவி கிட்டுசாமியின் விரலில் தொங்கியது. விஜயகுமாரி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, முருகேஷ் நின்ற பக்கமாகத் தலையை மட்டும் திருப்பினார்.