தூங்கினியாடி?

என் சிநேகிதிக்கு பைபோலார். உற்சாகம் ஏறினால் ஊரையே விலை பேசுவாள். இறங்கினால் வாரக்கணக்கில் கட்டிலை விட்டு எழ மாட்டாள். ஒருமுறை ஏறியபோது முசிறிக்குப் போய் ஒரு லோடு வாழைத்தார் வாங்கி வந்துவிட்டாள். சிப்ஸ் கம்பெனியாம். எங்கள் பள்ளி ஆசிரியைகள் அத்தனை பேர் வீட்டிலும் அந்த மாதம் பொரியல், கூட்டு, பஜ்ஜி எல்லாமே வாழைக்காய்தான். அதற்குப் பிறகு அவள் இறங்கியபோது, ஒரு வாய் சோறு சாப்பிட வைக்க நான் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து கெஞ்ச வேண்டியிருந்தது.

தேறி வந்ததும் அவளே எனக்கு ஒரு வேலை கொடுத்தாள். தூக்கம் குறைவதுதான் முதல் அடையாளம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவள் படபடவென்று பேசினாலோ, கண்டதையெல்லாம் வாங்கினாலோ, தூங்கினியாடி என்று நான் கேட்க வேண்டும்.

பதவி கிடைத்தால் சும்மா இருப்பேனா? அவள் புடவை எடுத்தால் கேட்டேன். ஸ்டாஃப் ரூமில் ஜோக்குக்குச் சிரித்தால் கேட்டேன். ஒருநாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏதோ பாட்டை முணுமுணுத்தாள், அதற்கும் கேட்டுவிட்டேன்.

“சந்தோஷமா இருக்கறதுக்கும் உன்கிட்ட பர்மிஷன் வாங்கணுமாடி?” என்றாள்.

குரலில் கோபம்கூட இல்லை, அலுப்புதான். சுருக்கென்றது. ஆனாலும் என் வாய் நிற்கவில்லை. எனக்குப் பயம், அவ்வளவுதான்.

வைகுண்ட ஏகாதசி வந்தது. ஸ்ரீரங்கமே கண் விழிக்கிற ராத்திரி. அவள் வீடோ உத்தர வீதியில், கூட்டத்துக்கு நடுவில். சாயங்காலமே போன் போட்டு மாத்திரை, ஜன்னல், காதுக்குப் பஞ்சு என்று உத்தரவு போட்டேன். “சரிங்க மேடம்” என்று வைத்துவிட்டாள். பரமபத வாசல் திறப்பதைப் பார்க்க நான் போய் வரிசையில் நின்றேன்.

விடிந்து அவள் வீட்டுக்குப் போனபோது என் கையில் இரண்டு மத்து, ஒரு பித்தளை மணி, ஒரு பெரிய பிளாஸ்டிக் குதிரை. வரிசையில் நிற்பவர்களுக்கு மடக்கு நாற்காலி வாடகைக்கு விடலாம், அடுத்த வருஷமே தொடங்கிவிடலாம், இரண்டு பேரும் பள்ளி வேலையை விட்டுவிடலாம் என்று செருப்பைக்கூடக் கழற்றாமல் பேசிக்கொண்டே இருந்தேன்.

அவள் தலை வாரி, பொட்டு வைத்து, நன்றாகத் தூங்கி எழுந்த முகத்தோடு காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். குதிரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

“ராத்திரி தூங்கினியாடி?”

கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, நிறுத்த முடியாமல் சிரித்தாள். எனக்கு அந்தக் கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு, அவள் விரித்துப்போட்ட பாயில் படுத்துக்கொண்டேன்.