கத்தரிக்காயாகப் போன எங்கள் மகள்

இன்று ஹாலோவீன், பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாகப் போய் இனிப்பு வாங்கும் நாள். எங்கள் இரண்டு வயது மகளுக்கு ஊதா நிறப் போர்வையை வெட்டி, நானே ஒரு கத்தரிக்காய் உடுப்புத் தைத்தேன்.

கணவர் கடையில் புலி முகமூடி ஒன்று பார்த்து வைத்திருந்தார். "கத்தரிக்காய்க்கு ஆரப்பா சொக்லேட் தரப்போகினம்?" என்றார்.

"முகமூடி போட்டாப் பிள்ளைக்குக் கண் தெரியாது. எங்கடை லாசால் பகுதி வீடுகளின்ரை செங்குத்தான வெளிப்படியளைப் பாத்தனீங்கள்தானே?" என்றேன்.

குளிர்ச்சட்டைக்கு மேலே போடக்கூடியதாக அகலமாகத் தைத்தேன். கால் தடுக்காமல் இருக்க முழங்காலோடு நிறுத்தினேன். கழுத்துக்குக் கயிறு வைக்காமல், இழுத்தால் கழன்றுவிடும் வெல்க்ரோ வைத்தேன். பச்சைத் தொப்பிதான் காம்பு.

மாலையில் ஒரு வீட்டுப் படியால் இறங்கும்போது உடுப்பு கைப்பிடிக் கம்பியில் மாட்டிக்கொண்டது. ஆனால் என் வெல்க்ரோ 'பர்ர்' என்று பிரிந்தது. கத்தரிக்காய் கம்பியில் தொங்க, மகள் என் கையைப் பிடித்தபடி அடுத்த படியில் நின்று சிரித்தாள்.

வீட்டுக்காரப் பெண் கைதட்டி, "எங்கே வாங்கினீர்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் கணவர் நெஞ்சை நிமிர்த்தி, "வாங்கவில்லை, நாங்களே தைத்தோம்" என்று பிரெஞ்சிலேயே சொன்னார்.

ஊசியில் நூல் கோர்க்கத் தெரியாத மனிதர்!

அடுத்த வருடம் 'நாங்கள்' என்ன காய் தைக்கலாம்? பூசணிக்காய் என்று மட்டும் யாரும் எழுதாதீர்கள். தெரு முழுக்க அதுதான்.