சிறப்பு விருந்தினருக்கான சாவி

ஆம்பூரில் எங்கள் மனித உரிமைக் குழுவுக்கு நான்தான் செயலாளர். வேறு யாரும் ஒத்துக்கொள்ளாததால் வந்த பதவி. பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவன், மைக்கைக் கண்டால் விடமாட்டேன். குழுவில் இருக்கும் மற்ற ஏழு ஆண்களும் அப்படித்தான். ஆண்டுதோறும் டிசம்பரில், பிறர் உரிமைக்காகத் துணிந்து நின்ற ஒருவரைத் தேடிப்பிடித்து விருது கொடுப்போம். அவர் பேசக் கடைசியில் ஐந்து நிமிடம். அதற்கு முன்னால் அவருடைய துணிச்சலைப் பற்றி நாங்கள் இரண்டரை மணி நேரம் பேசுவோம்.

போன வருஷம் தேர்ந்தெடுத்தது ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் ஒரு பெண்ணை. அந்தக் கம்பெனியில் பெண்களுக்கு இரண்டு கழிப்பறைகள். ஒன்றில் தண்ணீர் வராது. இன்னொன்று பளபளவென்று இருக்கும், ஆனால் பூட்டியிருக்கும். வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்கும் பையர் வந்தால் மட்டும் திறந்து சோப்பு வைப்பார்கள். அவர் காரில் ஏறியதும் பூட்டிவிடுவார்கள். அடக்கி அடக்கி இந்தப் பெண்ணுக்குத் தொற்று வந்து, வேலூர் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தார். இனி அடக்கினால் கிட்னி போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். அடுத்த முறை பையர் வந்தபோது இவர் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். பையரோடு வந்த மொழிபெயர்ப்பாளரிடம், "அந்தக் கதவு நீங்க வந்தாதான் தொறக்கும்னு அவர்கிட்ட சொல்லுங்க" என்றார். அதற்காக மூன்று மாதம் வேலை இல்லாமல் வீட்டில் உட்கார வைத்தார்கள். பிறகு திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பூட்டும் போனது.

விருது விஷயத்தைச் சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன்.

"எனக்கு இன்னாத்துக்கு சார் அவார்டு? பாத்ரூமுக்குப் போகணும்னு கேட்டேன், அவ்ளோதான்" என்றார். பிறகு, "ஜாஸ்தி நேரம் உக்கார வச்சிடாதீங்க சார். எனக்கு இன்னும் ஒடம்பு சரியாவல" என்றார்.

"சேச்சே, சட்டுனு முடிச்சிடுவோம்மா" என்றேன். அதை நானே நம்பினேன் என்பதுதான் வேடிக்கை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் விழா. முதல் நாலு வரிசையிலும் அவரோடு வேலை செய்யும் பெண்கள். சிறப்பு விருந்தினர் வேலூரிலிருந்து வந்த ஒரு பெண் வக்கீல். அவருக்காக மண்டபத்தின் பெண்கள் கழிப்பறையை விடியற்காலையே பினாயில் ஊற்றிக் கழுவி வைத்திருந்தோம். "கூட்டம் போனா நாறடிச்சிடும். அந்தம்மா வர்ற வரைக்கும் பூட்டி வைங்க சார்" என்றார் எங்கள் பொருளாளர். நல்ல யோசனையாகப் பட்டது. நானே பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வக்கீலம்மா வந்ததும் மாலை, பொன்னாடை, புகைப்படம் என்று அமர்க்களப்பட்டதில் சாவியைச் சுத்தமாக மறந்துபோனேன்.

மேடையில் விருது பெறுபவர் எனக்குப் பக்கத்து நாற்காலி. ஐந்தாவது ஆள் பேசும்போது அவர் நெளிய ஆரம்பித்தார். கூச்சம் போலிருக்கிறது என்று குனிந்து, "பயப்படாதம்மா, போகப்போகப் பழகிடும்" என்று தைரியம் வேறு சொன்னேன். பெரிய மனுஷன் அல்லவா.

வக்கீலம்மா பேசிக்கொண்டிருந்தபோது விருது பெறும் பெண் எழுந்து கீழே இறங்கிவிட்டார். சிறப்புரையின் நடுவில் எழுந்து போகிறாரே என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மண்டபத்தின் கோடியில் கழிப்பறைக் கதவை அவர் இழுத்துப் பார்ப்பது மேடையிலிருந்து நன்றாகத் தெரிந்தது. "ஒரு பூட்டை எதிர்த்து நின்ற பெண்" என்று வக்கீலம்மா சொல்லிக்கொண்டிருந்தார். என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. சாவி அங்கேதான் இருந்தது.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் மண்டபம் முழுக்க நடந்து திரும்பி வந்தார். முகம் வெளுத்திருந்தது. கையை நீட்டினார்.

"சாவி யார்கிட்ட சார் இருக்குது?"

எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"பூட்டினது நீங்களா?"

"ஆமாம்மா."

என் முன்னால் இருந்த மைக் அதை மண்டபத்துக்கே சொல்லிவிட்டது. அவர் ஓடினார். பின்னாலேயே நாலு வரிசையும் எழுந்து போனது. அத்தனை பேரும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். வக்கீலம்மாவும் பேச்சை நிறுத்தி, "நானும் போய்ட்டு வந்துடறேன்" என்று போய் வரிசையில் கடைசியில் நின்றார். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி மேடையைக் கடக்கும்போது, "ஊருக்குத்தான் உபதேசமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மேடையில் நாங்கள் எட்டு ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

மீதிப் பேச்சுகளை ரத்து செய்துவிட்டு விருதைக் கொடுத்தோம். அவர் ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்ளவில்லை.

"எங்க கம்பெனில பூட்டினவங்க கெட்டவங்கன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார். "இங்க எல்லாரும் நல்லவங்கதான்."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு உறைத்தது. அவமானமாக இருந்தது.

சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது, மண்டபத்துக்காரரிடம் கொடுக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் சாவியைக் கேட்டேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். விருதுக் கேடயத்தை என் கையில் கொடுத்து, "இத வேணா நீங்க வச்சிருங்க சார்" என்றார். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். "எல்லாரும் சாப்ட்டு கெளம்பட்டும். அப்புறம் தர்றேன்."