ஒன்றாக அணைந்த இரண்டு விளக்குகள்

பட்டறைக்காரர்கள் அவரை 'லைட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். கார்களுக்கு ஒயரிங் பார்ப்பவர். மெக்கானிக்குகள் தலையைச் சொறிந்துவிட்டுக் கைவிட்ட வண்டியை இவர் எட்டிப் பார்த்து, "எலி கடிச்சிருக்குப்பா" என்றால் எலி கடித்துத்தான் இருக்கும். கொஞ்சம் வாய் நீளம், ஆனால் வேலை சுத்தம். ஒயரைச் சேர்த்து டேப் சுற்றினால்கூட அதன் நுனியை உள்பக்கமாக மடித்து ஒரு சின்னக் காது விட்டுவைப்பார். "நாளைக்கு இன்னொருத்தன் பிரிக்கும்போது நம்மளத் திட்டக்கூடாது" என்பார். பள்ளி விடுமுறையில் பட்டறைக்கு வந்து டேப் சுற்றிக்கொடுக்கும் மகள் காது விடாமல் சுற்றினால், பிரித்துத் திரும்பச் சுற்றச் சொல்வார். மற்றபடி அவளை அவர் திட்டியதே இல்லை.

அந்த மகள்தான் ஞாயிற்றுக்கிழமை மதியம் மாப்பிள்ளையோடு ஒரு காரில் வந்து இறங்கினாள். பழைய வண்டி, புதுச் சிவப்புப் பெயிண்ட். அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. மறுநாள் காலையில் அதே காரில் மாமியார் வீட்டுக்கு நெடுஞ்சாலை வழியாக நீண்ட பயணம்.

"நீங்க ஒருதரம் பாத்துட்டீங்கன்னா எனக்கு நிம்மதிப்பா."

"என்னத்தப் பாக்கறது? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம வாங்கிட்டு, இப்ப வந்து பாருங்கன்னா?" என்று பொய்க்கோபம் காட்டியபடியே, லைட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். சாவியைப் பாதி திருப்பி நிறுத்தினார். எடுத்ததுமே எஞ்சினை உசுப்புவது அவருக்குப் பிடிக்காது. முதலில் மீட்டரில் விளக்குகள் எரியட்டும், வண்டி தன் உடம்பைத் தானே தடவிப் பார்த்துக்கொள்ளட்டும் என்பார். ஏர்பேக் விளக்கு கொஞ்ச நேரம் எரிந்து, எல்லாம் சரியாக இருந்தால் தானாக அணைய வேண்டும். ஆயில் விளக்கு மட்டும் எஞ்சின் ஓடும்வரை எரியும்.

ஏர்பேக் விளக்கு அணையவில்லை. அவர் காத்திருந்தார். எஞ்சினைப் போட்டார். இரண்டு விளக்குகளும் சொல்லிவைத்தாற்போல் ஒரே நொடியில் அணைந்தன.

அந்த வேலையை எந்தக் கை செய்தது என்று கேட்க அவருக்கு இன்னொரு ஆள் தேவைப்படவில்லை. போன மழைக்காலத்தில் ஒரு புரோக்கர் முன்பக்கம் நசுங்கிய வெள்ளைக் கார் ஒன்றைக் கொண்டுவந்து விட்டிருந்தான். மோதலில் ஏர்பேக் என்னும் காற்றுப்பைகள் வெடித்திருந்தன. கியருக்கு அடியில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, பாவம், தன் கடமையைச் செய்துவிட்டது. வண்டி சட்டென்று நின்ற வேகத்தை அளந்து, முதலில் பெல்ட்டைச் சுண்டி இழுத்து உடம்பை இருக்கையோடு பிடித்து, பிறகு பையை ஊதியிருந்தது. கண் இமைப்பதற்குள் நடக்கிற காரியம். ஆனால் ஒருமுறை வெடித்தபின் பையும் பெட்டியும் பெல்ட்டைச் சுண்டும் கருவியும் புதிதாக மாற்றப்பட வேண்டும். அதுவரை அந்தச் சிவப்பு விளக்கு, 'என்னை நம்பாதே' என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

"விளக்க மட்டும் அணைச்சுக் குடுங்கண்ணே" என்றான் புரோக்கர். பல்பைப் பிடுங்கினால் வாங்குகிறவன் கண்டுபிடித்துவிடுவான். லைட்டு யோசித்து, ஏர்பேக் விளக்கை ஆயில் விளக்கோடு சேர்த்துக் கட்டினார். சாவி போட்டால் எரியும், எஞ்சின் ஓடினால் அணையும். "மூளைன்னா இது மூளை!" என்றான் புரோக்கர். அன்று அவருக்குப் பெருமையாகவே இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தபோதுதான் இப்போது உடம்பு கூசியது.

பக்கத்து இருக்கையில் மகள் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தாள்.

"வயித்துக்குக் கீழதானப்பா போடணும்?"

"ஆமாம்மா."

"எங்கயாவது மோதினாலும் இந்தப் பை வந்து காப்பாத்திடுமாமே?"

தேள் கொட்டிய திருடன் மாதிரி உட்கார்ந்திருந்தார். வெளியே நின்ற மாப்பிள்ளை ஜன்னலில் குனிந்து, "எப்படி மாமா, ஏமாந்துடலையே?" என்று சிரித்தார்.

"நல்ல வண்டிதான் மாப்பிள்ளை."

வாய் முந்திக்கொண்டது. சொன்னபின் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. மகள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு நிம்மதியாகச் சாய்ந்ததைப் பார்த்தார். இனி வண்டியை அனுப்ப முடியாது. ஆனால் நான்தான் செய்தேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் அவருடைய மூளை, அதே பொல்லாத மூளை, ஒரு வழி கண்டுபிடித்தது.

"ஒரு சந்தேகம். மீட்டரக் கழட்டிப் பாத்துடறேன்" என்று திருப்புளியை எடுத்தார்.

மகள் சின்ன வயதில் செய்ததுபோலவே டார்ச் பிடித்தாள். மீட்டர் வெளியே வந்தது. "பாத்தீங்களா மாப்பிள்ளை? ரெண்டு விளக்கையும் ஒண்ணாக் கட்டி வச்சிருக்கான். பை இல்ல, ஒண்ணும் இல்ல. வண்டி அடிபட்டது. எவனோ அயோக்கியப் பய செஞ்ச வேலை" என்றார். தன்னைத் தானே திட்டிக்கொள்வதில் ஓர் ஆறுதல்கூட இருந்தது.

டார்ச் வெளிச்சம் ஒரே இடத்தில் நின்றது. ஒயர் இணைப்பில் கறுப்பு டேப். அதன் நுனி உள்பக்கமாக மடிந்து ஒரு சின்னக் காது.

மகள் விரலை நீட்டி அந்தக் காதைப் பிடித்து இழுத்தாள். டேப் வம்பு செய்யாமல் பிரிந்து வந்தது. அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் திருப்புளியைப் பார்த்தார்.

மாப்பிள்ளை கொதித்துப்போனார். "பிள்ளத்தாச்சி உக்கார்ற வண்டி மாமா! இதச் செஞ்ச கைய ஒடைக்கணும். இந்த நுணுக்கம் தெரிஞ்சவங்க கொஞ்சம் பேருதான இருப்பாங்க? யாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

லைட்டு வாயைத் திறந்தார். அதற்குள் மகள் சொன்னாள்: "அப்பாவுக்கு எப்படித் தெரியும்? எவனோ."

அவள் கைநீட்டி அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்த 'எவனோ'வுக்குள் அவரை ஒளித்துவைத்துவிட்டு அவள் டார்ச்சை அணைத்தாள்.

மாப்பிள்ளை தன் அம்மாவுக்குப் போன் போட்டார். "மாமா மட்டும் இல்லன்னா இன்னிக்கு எங்க மூணு பேரோட கதி என்னம்மா? பாத்த உடனே பிடிச்சிட்டாரு" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். அவர் சொல்லச் சொல்ல லைட்டு கூனிக் குறுகினார். பிறகு மாப்பிள்ளை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பயணம் அப்புறம். நாளைக்கு இத வித்த புரோக்கர்ட்டப் போகணும். நீங்களும் கூட வாங்க மாமா, நீங்க பேசினாத்தான் சரி" என்றார்.

"வரேன்" என்றார் லைட்டு.

கார் அங்கேயே நிற்கட்டும் என்று, தங்கள் வீட்டுக்குத் திரும்ப டாக்சி கூப்பிட்டார்கள். மகள் பின் இருக்கையில் ஏறினாள். பெல்ட்டை இழுத்து வயிற்றுக்குக் கீழே மாட்டினாள். பூட்டு விழுந்த சத்தம் வாசலில் நின்றவருக்குக் கேட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒவ்வொருமுறை கிளம்பும்போதும் ஜன்னலில் கைபோட்டு, "வரேன்ப்பா, வேளாவேளைக்குச் சாப்பிடுங்க" என்பாள். இன்று முன்னால் பார்த்தபடி, "வரோம்" என்றாள்.