துரைக்கும் புரட்டாசி

தன் நாயின் முதுகைப் பக்கத்து வீட்டுத் தபித்தாள் தடவும் வரை, தனபாக்கியத்துக்குக் காந்தல் ஊருக்குள் விரோதி என்று யாருமே கிடையாது.

நாயின் பெயர் துரை. பெயர்தான் துரை, மார்க்கெட் சாக்கடையோரம் நடுங்கிக்கொண்டு கிடந்த நாட்டுக்குட்டி. முந்தானையில் சுற்றி எடுத்துவந்தவள் தனபாக்கியம். மகள் இந்து கல்யாணமாகித் திருப்பூர் போனபிறகு, அவள் சமையல் திறமை முழுவதும் அவன் தட்டில்தான் இறங்கியது. கடையில் விற்கிற பாக்கெட் தீனியை வாசற்படி ஏறவிடமாட்டாள். "என்னத்தப் போட்டு அரைச்சானோ, யாரு கண்டா?" என்பாள். ராகிக் களி, வேகவைத்த கேரட், கோழி ஈரல், முட்டை. வெங்காயம் ஆகாது, உப்பு ஆகாது. ஆறவைத்து, விரலால் தொட்டுப் பார்த்து, தட்டை வைத்துவிட்டு அடுத்த வேலைக்கு ஓடிவிடுவாள்.

புரட்டாசி பிறந்தது. கோயமுத்தூர்ப் பக்கத்துக் குடும்பம். அந்த மாதம் முழுக்க அவள் அடுப்பில் முட்டைகூட ஏறாது. துரையின் தட்டிலும் களி, தயிர், கேரட் என்று ஆகிப்போனது.

"நாய்க்குமா புரட்டாசி? அதுக்குப் பெருமாளத் தெரியுமா?" என்றார் கணவர் நல்லசிவம்.

"இந்த ஊட்டுச் சோறு திங்கிற அத்தன பேருக்கும் புரட்டாசிதானுங்க."

துரை பாதியைத் தின்றான், பாதியை வைத்தான். ஆனால் இளைக்கவே இல்லை, முடி பளபளத்தது. தனபாக்கியத்துக்குப் பெருமை தாங்கவில்லை. வேலிக்கு மேல் எட்டி, "பாத்தீங்களா தபித்தாக்கா, சைவத்துல எப்புடி மினுக்குறான்!" என்றாள்.

தபித்தாள் "ஆமா பாக்கியம்" என்று சொல்லிவிட்டுத் துணி உலர்த்தப் போய்விட்டாள்.

மூன்றாம் சனிக்கிழமை பெருமாளுக்குப் படையல் முடித்துத் துரையைக் கூப்பிட்டால், ஆளைக் காணோம். தேடிப் போனவள் தபித்தாள் வீட்டுப் பின்வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். கவிழ்த்த வாளிமேல் தபித்தாள் உட்கார்ந்து, துரையின் முதுகைத் தடவி ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் முன்னால் ஈரலும் சோறும். தனபாக்கியம் பார்த்ததெல்லாம் அந்தக் கிண்ணத்தையும் அவன் வாலையும்தான். தன் வீட்டில் அந்த வால் ஒருநாளும் அப்படி ஆடியதில்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இந்த நன்றிகெட்ட பயலுக்கு ஆகாதென்று உப்பே போடாமல் வளர்த்தாளே, அதுதான் நினைக்கவில்லை போலும்!

"ஏனுங்க, எங்க ஊட்டு நாய்க்கு நீங்க எதுக்குங்க கறி போடறீங்க? விரதத்தயே கெடுத்துட்டீங்களே!"

"விரதம் உனக்குத்தானே பாக்கியம்? அவன் பசின்னு வந்து நின்னான்."

தன் கையால் தின்கிறவனுக்குப் பசியா? அந்த ஒரு சொல்லை அவளால் விழுங்க முடியவில்லை. அன்றே துரையைக் கட்டிப்போட்டாள். அவன் வேலிப்பக்கம் முகத்தைத் திருப்பியே படுத்துக் கிடந்தான்.

ஐப்பசி முதல் நாள், கடை திறந்ததும் முதல் ஆளாக ஈரல் வாங்கி வந்தாள். அவனுக்குப் பிடித்த பதத்தில் வேகவைத்து, களியோடு பிசைந்து, சங்கிலியை அவிழ்த்துவிட்டாள். இனி எங்கே போவான், பார்ப்போம்! துரை ரெண்டு வாய் தின்றான். பிறகு வாசல் கேட்டருகே போய், பக்கத்து வீட்டைப் பார்த்து நின்றான்.

அப்படியென்றால் இது ஈரலுக்காக இல்லை. தனபாக்கியத்துக்கு அழுகை வந்தது. அழுகையை முந்திக்கொண்டு கோபம் வந்தது. நேரே தபித்தாள் வாசலில் போய் நின்றாள்.

"என்ன மருந்துங்க வெச்சீங்க என் புள்ளைக்கு?"

"மருந்தா? உன் கைப்பக்குவம் எனக்கு வருமா பாக்கியம்? அவன் தின்னு முடிக்கிற வரைக்கும் பக்கத்துல ஒக்காந்து பேசிக்கிட்டு இருப்பேன், அவ்வளவுதான். அவரு போனதுக்கப்புறம் இந்த வீட்டுல என்கூடச் சாப்பிட யாரு இருக்கா?"

தபித்தாளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்தாள். அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது, அணைத்தாள். மூட்டுவலியையும் பார்க்காமல் ஜில்லென்ற சிமெண்டுத் தரையில் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வாடா. நானும் ஒக்காந்துட்டேன், போதுமா?"

துரை வந்து அவளை ஒருமுறை பார்த்தான். ஒரு வாய் தின்றான், மறுபடி பார்த்தான். தட்டு காலியாகும் வரை இந்துவைப் பற்றியும் மூட்டுவலியைப் பற்றியும் அவனிடம் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தாள். வால் ஆடியது. தின்று முடித்து, அவள் கையை நக்கிவிட்டு, எழுந்து வேலிப்பக்கம் பார்த்தான்.

தனபாக்கியம் பல்லைக் கடித்தாள்.

"போ, போய்ப் பேசிட்டு வா. ஆனா அங்க எதையும் திங்கக்கூடாது, சொல்லிப்போட்டேன்."